நாற்பது குடும்பத்துப் பத்திரங்கள்

அன்புள்ள அக்கா,

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான். பதினொரு மாதமாக ஒரு சமூக சேவை அமைப்பில் களப்பணியாளராக இருக்கிறேன். தோட்டப் பிரிவுகளான டிவிசன்களில் ஐந்து என் பொறுப்பு. முதியவர்கள், கணவனை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் இருக்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும என்ற அரசு நலன்புரி உதவிக்கான மேன்முறையீடு, தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் நானே படிவம் நிரப்பி, நானே அலுவலகம் போய், நானே பேசி முடித்துக் கொடுக்கிறேன். நாற்பது குடும்பங்களின் பத்திரங்கள் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசி அறையில், தொங்கல் காம்பராவில் இருக்கும் பாட்டி ஒருவர், "நீ இருக்கும்போது எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று பையோடு தந்துவிட்டார். இரவு பத்து மணிக்கும் தொலைபேசி அடிக்கிறது. களைத்துவிட்டேன். நான் விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் பல வருடம் இந்த வேலையில் இருந்தவர். எப்படிச் சமாளித்தீர்கள்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

நான் சமாளிக்கவில்லை. எனக்கும் ஓர் அலுமாரி இருந்தது. அதைத் திறந்தால் லயத்து அடுப்புப் புகை வாடை அடிக்கும். பிஸ்கட் டின்னுக்குள் பொலித்தீன் பை, பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ஓரம் பழுத்த ஒரு பிறப்புச் சான்றிதழ். "மிஸ்ஸிடம் இருக்கிறது, பயமில்லை" என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. உங்களுக்கும் இருக்கும். கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை.

அந்தப் பெருமையை இறக்கி வைத்தவர் ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி ஒருவர். பெண்கள் ஐம்பது வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். அவர் அறுபதைத் தாண்டியும் எடுக்கவில்லை. ஒரு தாளில் அவர் பெயர் 'ஆயி' என்று முடியும், இன்னொன்றில் 'அம்மா' என்று முடியும். நான் சத்தியக்கடதாசி தயாரித்து, படிவம் நிரப்பி, அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தார். உத்தியோகத்தர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். "வேறு தோட்டத்தில் வேலை செய்தவரா?" என்று கேட்டார். என் கோப்பில் ஒரு தோட்டம்தான் இருந்தது. "இல்லை" என்றேன்.

அந்த 'இல்லை'யை மாற்ற எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. கலியாணத்துக்கு முன்னால் பல வருடம் அவர் இன்னொரு தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்திருக்கிறார். அந்த 'ஆயி' அங்கே எழுதப்பட்ட பெயர். எந்த மலை, எந்தக் கங்காணி, சம்பளப் பதிவேடான செக்ரோலில் என்ன இலக்கம், எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று கொஞ்சம் எரிச்சலோடு கேட்டேன். "என்னை யார் கேட்டார்கள்?" என்றார்.

தங்கையே, நம் மக்களுக்காகப் பேச எந்தக் காலத்திலும் ஆள் இருந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்த பெரிய கங்காணிதான் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுவார். கடனும் அவர் கையில், ஆளுக்கு இவ்வளவு என்று கிடைக்கும் தலைக்காசும் அவர் கையில். 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். கங்காணிக்குப் பிறகு தலைவர் பேசினார், சங்கம் பேசியது. நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவர் பேச, நம் ஆள் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பது பழகிப்போய்விட்டது. இப்போது நாற்பது குடும்பங்களின் தாள்களை வைத்துக்கொண்டு நீங்கள் பேசுகிறீர்கள். அந்த வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் வந்தது.

அவர்கள் பத்திரத்தை உங்களிடம் தள்ளிவிடுவது சோம்பலால் அல்ல. 1948இல் ஒரு சட்டம் வந்து நம் மக்களின் குடியுரிமை போனது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள்; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தார்கள். அண்ணன் கப்பலேறினான், தங்கை லயத்தில் நின்றாள். 1988லும் 2003லும் சட்டங்கள் வந்துதான் எஞ்சியவர்களின் கணக்கு தீர்ந்தது. தாள் என்றால் பிரிவு என்று கண்ட பாட்டிக்கு அதை யாரிடமாவது கொடுத்துவிட்டால் நிம்மதி.

ஆனாலும் திருப்பிக் கொடுங்கள். ஒரே நாளில் வேண்டாம், வாரத்துக்கு நான்கு வீடு போதும். ஒவ்வொரு தாளையும் விரித்து, இது என்ன, எதற்கு, இதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். போட்டோப் பிரதி ஒன்று அவர்கள் சம்மதத்தோடு உங்களிடம் இருக்கலாம். லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் வைத்து வாசிக்காதீர்கள், அடுத்த ஆறு காம்பராவுக்கும் கேட்கும். எனக்குத் தெரிந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைதான் நல்ல இடம். தண்ணீர்ச் சத்தத்தில் இரகசியம் தங்கும்.

அலுவலகத்தில் அவர்களை முன்னால் விடுங்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆம் திருத்தம் 1987இலேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் கவுண்டரில் சிங்களம் மட்டும் தெரிந்த மாத்தயா இருந்தால் மொழிபெயர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்பது வேறு, பதில் சொல்வது வேறு. நேரம் கூடத்தான் பிடிக்கும். அவர்களுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பதும் தெரியும். பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த ஒரு பேரை இழப்பது நம் ஊர் வேடிக்கை. அதனால் ஒரே டிவிசன் ஆட்கள் ஐந்தாறு பேரைக் கொழுந்து குறைந்த வாரத்தில் சேர்த்து அழைத்துப் போங்கள். முதல் ஆள் திணறுவதைப் பார்த்தே மூன்றாவது ஆள் தேறிவிடுவார். (வந்து படம் பிடித்துக்கொண்டு போகும் அமைப்புகளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.)

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் சொன்னது எதுவும் செல்லாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் நீங்களே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்குப் பேசுங்கள். அடிபடும் பெண்ணின் உயிர் போகிற நிலை என்றாலும் அப்படித்தான். மற்றபடி அவள் கையில் 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். மறுநாளே அவள் வீடு திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டாம் முறையும் அவள் உங்களிடம்தான் வரவேண்டும்.

இரவுத் தொலைபேசியை எட்டு மணிக்கு அணைத்துவிடுங்கள். அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

என்னுடைய கொழுந்துக்காரி பிறகு கவுண்டரில் தானே நின்று பேசினார். நான் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "இவர் யார்?" என்று உத்தியோகத்தர் என்னைக் காட்டிக் கேட்டார். "கூட வந்த பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தன் செக்ரோல் இலக்கத்தைத் தொடர்ந்தார்.

தொங்கல் காம்பராப் பாட்டியிடம்தான் முதலில் போங்கள். பையை வாங்கவே மாட்டார். என்ன சொல்லி வாங்கவைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா