சூளைச் செயினுக்குக் கிராஃபைட் பொடி: சிமுலேஷன் தேவையா?

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவிச் சூளையில் உருக்கிப் பூசும்) பட்டறையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். சூளை 200 டிகிரியில் ஓடுகிறது. சரக்கைத் தொங்கவிட்டு இழுத்துப் போகும் மேல்செயினுக்கு எண்ணெய் விட்டால் சில வாரங்களில் கருகிக் கட்டியாகிவிடுகிறது. ஒரு முகவர் கிராஃபைட் பொடிக்கு மாறச் சொல்கிறார். அந்தப் பொடி செயினுக்குள் எப்படிப் பாயும் என்று கணினியில் சிமுலேஷன் செய்து தர 12,000 வெள்ளி (டாலர்) கேட்கிறார். பாதி மானியமாகத் திரும்பி வந்துவிடுமாம். முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: பொடிக்குச் சம்மதம் சொல்லுங்கள். சிமுலேஷன் வேண்டாம்.

முகவர் காட்டிய படத்தை நான் பார்க்காமலே சொல்லிவிடலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே நீலமும் சிவப்புமாக உருண்டைகள், பேரிங் குண்டு மாதிரி உருண்டோடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கிராஃபைட் உருளவே உருளாது. அது சப்பைச் செதில்; சீட்டுக்கட்டு போல ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். செயின் கண்ணிகளை இணைக்கும் பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழாய்க்கும் நடுவே நசுங்கும்போது உலோகத்தின் மேல் கரியாக அப்பிக்கொள்ளும். அப்புறம் பூச்சின் மேல் பூச்சு வழுக்கும். பென்சில் தாளில் எழுதுவதும் இப்படித்தான். அப்பிக்கொண்டதுதான் வேலை செய்யும், மிச்சப் பொடி வெளியே உதிர்ந்துவிடும். அதனால் கைநிறைய அள்ளிப் போடுவதில் லாபமில்லை. இடுக்கில் இறுகிப் போய்ச் செயினே மடங்காமல் நிற்கும்.

இன்னொரு சங்கதி. வீட்டில் ரவை டப்பாவைச் சாய்த்தால் சரசரவென்று கொட்டும். இடியாப்ப மாவு டப்பாவைச் சாய்த்தால் கொட்டாது. தட்டினால் கட்டியாகப் பொத்தென்று விழும். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடையைவிட ஒன்றோடொன்று ஒட்டும் விசை பெரிதாகிவிடுகிறது. நம் ஊர் ஈரக்காற்று வேறு அதற்குத் துணை. உங்கள் கிராஃபைட் மாவு ஜாதி, படத்தில் ஓடுவது ரவை ஜாதி.

இந்தச் சிமுலேஷன், ஒவ்வொரு துகளையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து கணக்குப் போடும் முறை. கண்டால் (Cundall), ஸ்ட்ராக் (Strack) என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை 1979இல் வெளியிட்டார்கள். மண், பாறை, தானியக் குதிர் இவற்றுக்கெல்லாம் அருமையான முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பொடி ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் ஆயிரக்கணக்கான கோடித் துகள்கள் இருக்கும். அலுவலகக் கணினியில் சில லட்சம் ஓட்டுவதே பெரிய பாடு. ஆகவே துகளைப் பல மடங்கு பெரிதாக்குவார்கள். கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று நிஜத்தைவிட நூறு மடங்கு மெத்தென்று ஆக்குவார்கள். புனலில் பொடி கொட்டுவதைப் பார்க்க அது போதும். அழுத்தமே பிரதானமாக இருக்கும் செயின் பின்னில் அது எப்படிச் செல்லுபடியாகும்?

பிரான்சில் மோரிஸ் கோதே, உராயும் இரு பரப்புகளுக்கு நடுவே சிக்கியிருப்பதை ‘மூன்றாம் பொருள்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர். அந்த வழியில் வந்தவர்கள் இந்தச் சிமுலேஷனை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ளத்தான். ஒட்டும் விசை என்ற ஒரு எண்ணைக் குறைத்தால் பொடி மணலாகச் சிதறும். கூட்டினால் ஒரே கட்டியாக நகரும். விடை அந்த எண்ணில் இருக்கிறது. முகவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்த எண்ணை எங்கே அளந்தீர்கள்?” பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பும்.

மானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாதி திரும்பி வந்தாலும் மீதி 6,000 வெள்ளி உங்கள் முதலாளியுடையது. படிவத்துக்கு அறிக்கை வேண்டும், பட இணைப்பு வேண்டும்; செயின் ஓடுகிறதா என்று ஒரு கட்டமும் கிடையாது. அந்த இடைவெளியில்தான் இப்படிப்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன். சூளைக்குள் நைட்ரஜன் விடுகிறீர்களா? விட்டால் கிராஃபைட் வேண்டாம். அது வழுக்குவதற்குக் காற்றில் இருக்கும் நீராவி வேண்டும். இரண்டாம் உலகப்போரில் உயரே பறந்த விமானங்களின் கார்பன் பிரஷ்கள் (மின் இயந்திரத்தின் சுழலும் பகுதியில் உரசி மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள்) சில மணி நேரத்தில் தூளாகிப் போயின. மேலே காற்று அவ்வளவு வறட்சி. சாவேஜ் என்ற ஆய்வாளர் 1948இல் காரணத்தை எழுதினார். வறண்ட சூழலுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற இன்னொரு வழுக்கும் பொடி; அது நேர் எதிர், ஈரத்தில் சுணங்கும். எனக்குத் தெரிந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நைட்ரஜன் சூளைக்குக் கிராஃபைட் போட்டுவிட்டு மூன்று மாதம் பொடியின் தரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் செயின் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே வந்து துவாஸ் காற்றை வாங்கிக்கொண்டு போகிறது. கிராஃபைட்டுக்கு அது தோது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பழைய கசடைக் கழுவி எடுங்கள். அதன் மேலேயே பொடி போட்டால் அரைக்கும் சேறாகிவிடும். வெறும் பொடியைத் தூவாமல், ஆவியாகிவிடும் திரவத்தில் கலந்து வரும் கிராஃபைட்டை வாங்கிப் பின்களில் விடுங்கள். செயின் ஆறியிருக்க வேண்டும். டப்பாவில் சிலிகான் கலப்பு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டில் மீன்கண் மாதிரி குழிகள் விழும். மோட்டார் இழுக்கும் ஆம்பியரை முதல் நாளும், பிறகு வாரம் ஒரு முறையும் ஒரே பளுவில் குறித்து வையுங்கள். ஏறத் தொடங்கினால் மறுபடி பூசும் நேரம். முகவரின் படம் காட்டாததை அந்த ஆம்பியர் முள் காட்டும்.

உதிர்ந்த பொடியைக் காற்றடித்து ஊதாதீர்கள். கிராஃபைட் மின்சாரம் கடத்தும், மின்பெட்டிக்குள் போனால் வம்பு. உங்கள் பெயின்ட் பொடியோ தீப்பிடிக்கக்கூடியது. 2021 பிப்ரவரியில் உங்கள் துவாஸிலேயே நடந்த வெடிவிபத்தில் மாவுத்தூள் பற்றிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளைச் சரக்கு தொங்கும் நாளில் செயினுக்குக் கிராஃபைட் பூச வேண்டாம். ஒரு சுற்று காலியாக ஓடவிட்டுத் துடைத்த பிறகு ஏற்றுங்கள்.