ஸ்கின்னி பப்பியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

அன்புள்ள சார்,

மின்னணு இசை பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்கின்னி பப்பி என்ற கனடா நாட்டுக் குழுவின் பெயரைப் பார்த்துவிட்டுத் தேடிக் கேட்டேன். 'வோர்லாக்' என்ற பாட்டு முதலில் வந்தது. உடனே பிடித்துவிட்டது. அந்த வேகத்தில், ரசிகர்கள் பலர் உச்சம் என்று சொல்கிற 'லாஸ்ட் ரைட்ஸ்' ஆல்பத்தைப் போட்டேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. பாடுகிறவர் சொல்வதில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. பன்னிரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன, அதற்கு மேல் கிளைக் குழுக்கள் வேறு. எங்கே தொடங்கி எப்படிப் போவது? எதையெல்லாம் விட்டுவிடலாம்? இத்தனை கத்தலுக்குப் பின்னால் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. அந்தக் கத்தல் யாருடையது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தன்னால் வழிக்கு வரும்.

1982இல் வான்கூவரில் இமேஜஸ் இன் வோக் என்ற நியூ வேவ் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் கெவின் க்ராம்ப்டன். அந்தக் குழுவின் பளபளப்பான பாப் இசை அவருக்குப் போதவில்லை. கெவின் ஓகில்வி என்ற இன்னொரு இளைஞரோடு சேர்ந்து ஸ்கின்னி பப்பியைத் தொடங்கினார். ஒரே குழுவில் இரண்டு கெவின்கள் குழப்பம் என்பதால் முன்னவர் செவின் கீ ஆனார், பாடகர் நிவெக் ஓகர் ஆனார். அவர்கள் வைத்துக்கொண்ட அடிப்படை யோசனை ஒன்றுதான்: உலகத்தை ஒரு நாயின் கண்ணால் பார்ப்பது. முதலில் செய்த பாட்டின் பெயரே 'கே-நைன்', ஆங்கிலத்தில் நாயைக் குறிக்கும் 'கேனைன்' என்ற சொல்லின் ஒலி. எலும்பும் தோலுமாக ஒரு நாய்க்குட்டி, அதைச் சுற்றி மனிதர்கள் செய்கிற காரியங்கள். ஓகரின் குரலை இந்த இடத்திலிருந்து கேளுங்கள். மேடையில் நின்று மற்றவரை மிரட்டுகிறவனின் குரலல்ல அது. அடிபடுகிற உயிரின் குரல். அதனால்தான் அந்தக் குரலைச் சிதைத்து, எதிரொலிக்கவிட்டு, பல அடுக்குகளாக்கி வைத்திருக்கிறார்கள். சொற்கள் தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்பது அவர்கள் நோக்கமே இல்லை. எனவே ஆரம்பத்தில் வரிகளைத் துரத்தாதீர்கள். டிரம்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீ அடிப்படையில் டிரம்மர், எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அடியில் தாளம் கெட்டியாக நிற்கும்.

சரி, எங்கே தொடங்குவது? நான் சொல்வது 1988இல் வந்த 'விவிசெக்ட் சிக்ஸ்'. கேட்க இதைவிட எளிய ஆல்பங்கள் அவர்களிடமே உண்டு. ஆனால் இந்தக் குழு எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைத்தான் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் விலங்குகளை உயிரோடு அறுத்துச் சோதிப்பதற்கு எதிரான ஆல்பம் இது. இதில் 'டெஸ்ச்சர்' என்று ஒரு பாட்டு. ஆட வைக்கிற தாளம், ஒருமுறை கேட்டாலே மனதில் தங்கிவிடுகிற மெட்டு. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பி ஓடும் இரண்டு நாய்களைப் பற்றி 1982இல் ஓர் அனிமேஷன் படம் வந்தது. அந்தப் படத்தின் குரல்களை வெட்டி எடுத்துப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். மெட்டு உங்களை இழுத்துக்கொண்டு போகும்போதே, எதைக் கேட்டு ஆடிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்துவிடும். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் இந்தக் குழுவின் பலம். இந்த ஒரு பாட்டை இரவில் ஹெட்போனில் கேளுங்கள். அப்புறம் அதே ஆல்பத்தில் 'வி.எக்ஸ். கேஸ் அட்டாக்', 'ஹார்ஷ் ஸ்டோன் வைட்' இரண்டையும் கேளுங்கள். முதலாவது ரசாயன ஆயுதங்களைப் பற்றியது. இரண்டாவது மெதுவாக, கனமாக நகரும்.

அந்த ஆண்டு சுற்றுப்பயணத்தில், பஞ்சடைத்த ஒரு நாயைக் கிடத்தி, அதை அறுத்துச் சோதிப்பதுபோல மேடையில் நடித்துக் காட்டினார்கள். சின்சினாட்டியில் பார்வையாளர் ஒருவர் அதை நிஜ நாய் என்று நம்பிப் போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்தது, குழுவினர் கைதானார்கள். பொம்மை நாய்க்காகப் பதறிய ஒருவர் அந்த அரங்கில் இருந்தார் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஓகர் கேட்டதும் அந்தப் பதற்றத்தைத்தானே. பெரிய கட்டடங்களுக்குள் நிஜ நாய்களுக்கு நடப்பதைக் கேட்டு யாரும் போலீசைக் கூப்பிடுவதில்லை.

இதே 1988இல் இவர்களுக்கு முன்னால் சில நிகழ்ச்சிகளில் வாசித்த, யாருக்கும் தெரியாத ஒரு புதுக் குழு நைன் இஞ்ச் நெயில்ஸ். தன் முதல் சிங்கிளான 'டவுன் இன் இட்', ஸ்கின்னி பப்பியின் 'டிக் இட்' பாட்டிலிருந்து வந்தது என்பதை அந்தக் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். 'டிக் இட்' இருப்பது 1986இல் வந்த 'மைண்ட்: த பெர்பெச்சுவல் இன்டர்கோர்ஸ்' ஆல்பத்தில். அதையும் அடுத்து வந்த 'க்ளீன்ஸ் ஃபோல்ட் அண்ட் மேனிபுலேட்' (1987) ஆல்பத்தையும் விவிசெக்ட் சிக்ஸுக்குப் பிறகு பின்னோக்கிப் போய்க் கேட்கலாம்.

1986 ஏன் முக்கியம் என்றால், ட்வெயின் கெட்டல் குழுவில் சேர்ந்தது அப்போதுதான். எட்மன்டனிலிருந்து வந்தவர், கீபோர்டிலும், பதிந்த ஒலித் துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளரிலும் அசாத்தியமான கை. அதற்கு முன் அந்த இடத்தில் பாஸ் சிந்தசைசர் வாசித்தவர் பில் லீப். அவர் விலகிப்போய் ஃப்ரன்ட் லைன் அசெம்ப்ளியைத் தொடங்கினார். கெட்டல் வந்த பிறகு பாட்டுகளின் உட்புறமே மாறிவிட்டது. ஒரு திரைப்பட வசனம், ஓர் உலோகச் சத்தம், பாதியில் அறுந்த ஒரு சுருதி என்று சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். எத்தனை முறை கேட்டாலும் புதிதாக ஒன்று அகப்படும். இவர்களோடு கிட்டத்தட்ட நான்காவது உறுப்பினராகவே இருந்தவர் தயாரிப்பாளர் டேவ் ஓகில்வி. பெயரைப் பார்த்துப் பாடகருக்கு உறவு என்று நினைக்க வேண்டாம், இருவருக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து 'ரேபீஸ்' (1989). உங்களுக்குப் பிடித்த வோர்லாக் இதில்தான் வருகிறது. மினிஸ்ட்ரி குழுவின் அல் ஜோர்கன்சன் இந்த ஆல்பத்தில் கைகோத்தார், கூடவே கிடாரும் வந்துவிட்டது. ஆல்பமாகப் பார்த்தால் எனக்கு இது ஒட்டவில்லை. மினிஸ்ட்ரியின் கிடார் எங்கெல்லாம் முன்னால் வருகிறதோ அங்கெல்லாம் கீயும் கெட்டலும் பின்னால் போய்விடுகிறார்கள். 'டின் ஓமன்' மட்டும் விதிவிலக்கு. 1970இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சுடப்பட்டதையும் 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பாட்டு, அந்தக் கோபத்துக்குக் கிடார் பொருந்துகிறது. வோர்லாக் பற்றிச் சொல்லவே வேண்டாம். பீட்டில்ஸ் பாட்டிலிருந்து ஒரு துண்டு, கொலைக் கும்பலின் தலைவன் சார்ல்ஸ் மேன்சனின் குரல், அதன்மேல் அவர்கள் செய்ததிலேயே மிகவும் துக்கமான மெட்டு. அதன் வீடியோ முழுக்கத் திகில் படக் காட்சிகளின் தொகுப்பு. திகில் படங்களை வெட்டித் தள்ளிய அமெரிக்கத் தணிக்கை முறைக்கு எதிர்ப்பாகச் செய்தது.

இப்போது நீங்கள் 'டூ டார்க் பார்க்' (1990) ஆல்பத்துக்குத் தயார். பன்னிரண்டில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதை வைத்துக்கொள்வேன். 'நேச்சர்ஸ் ரிவெஞ்ச்', 'ஷோர் லைன்ட் பாய்சன்' என்ற தலைப்புகளே விஷயத்தைச் சொல்லிவிடும். விவிசெக்ட் சிக்ஸில் மேசைமேல் கிடந்தது ஒரு விலங்கு. இதில் கிடப்பது நிலமும் நீரும். சுமார் 40 நிமிடம்தான், ஆனால் ஒரு விநாடிகூடச் சும்மா விடவில்லை. 'ஸ்பாஸ்மோலிட்டிக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை தாளத்தை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை தாளத்தை மறந்துவிட்டு, இடது காதிலும் வலது காதிலும் வந்து போகிற சத்தங்களை மட்டும் கவனியுங்கள். ஒரே பாட்டுக்குள் இரண்டு மூன்று பாட்டுகள் ஓடுவது தெரியும். ஒலிக்கலவையில் இவ்வளவு நெருக்கமும் இவ்வளவு தெளிவும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

இந்தப் பாதையில் வந்தால் 'லாஸ்ட் ரைட்ஸ்' (1992) உங்களை விரட்டாது. முதலில் விலங்கு, பிறகு பூமி, இப்போது பாடுகிறவனின் சொந்த உடம்பு. ஓகர் ஹெராயினில் மூழ்கியிருந்த காலம், குழுவுக்குள் உறவும் கசந்துகொண்டிருந்தது. 'கில்லிங் கேம்' பாட்டை முதலில் கேளுங்கள், மெதுவான ஒப்பாரி அது. கடைசியாக வரும் 'டவுன்லோட்' பத்து நிமிடத்துக்கும் மேல் போகிற ஒலிச்சிதறல், அதில் பாட்டைத் தேட வேண்டாம். 'லெஃப்ட் ஹேண்ட் ஷேக்' என்று இன்னொரு பாட்டும் இதில் வந்திருக்க வேண்டியது. எல்.எஸ்.டி.யை ஆதரித்துப் பேசிய அமெரிக்க உளவியலாளர் டிமதி லியரியின் பழைய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து எடுத்த குரலுக்கு உரிமை கிடைக்காததால் வெட்டிவிட்டார்கள். ஆல்பத்தைக் கேட்டு முடித்த பின் அதைத் தனியாகத் தேடிக் கேளுங்கள், உழைப்பு வீண்போகாது.

'த ப்ராசஸ்' (1996) வேறு கதை. ரிக் ரூபினின் அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, கலிஃபோர்னியாவின் மாலிபுவில் போய் உட்கார்ந்தார்கள். தயாரிப்பாளர்கள் மாறினார்கள், 1994 ஜனவரியில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது, வேலை இழுத்துக்கொண்டே போனது. 1995 ஜூனில் ஓகர் விலகினார். ஆகஸ்ட் 23 அன்று கெட்டல் எட்மன்டனில் தன் பெற்றோர் வீட்டில் ஹெராயின் அளவு மீறி இறந்துபோனார். வயது 31. மிச்சத்தைக் கீயும் டேவ் ஓகில்வியும் உட்கார்ந்து முடித்தார்கள். இந்த ஆல்பத்தில் ஓகரின் குரல் திடீரென்று தெளிவாகக் கேட்கும். ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ 'கல்ட்' பாட்டில் அந்தக் குரல் எந்த மறைப்பும் இல்லாமல் வரும்போது தாங்க முடிவதில்லை. இதை மற்றவற்றோடு எடைபோட வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

ஆரம்பக்கால 'ரிமிஷன்' (1984), 'பைட்ஸ்' (1985) இரண்டையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அப்போது புதிதாகத் தொடங்கப்பட்ட நெட்வெர்க் நிறுவனம் வெளியிட்டவை. சிந்தசைசர் மெலிதாக, குளிர்ச்சியாக ஒலிக்கும். 'ஸ்மதர்ட் ஹோப்', 'அசிமிலேட்' இரண்டும் இன்றும் நடன அரங்குகளில் ஒலிப்பவை. வாங்குவதானால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றின் சி.டி. பதிப்புகளில், முதலில் வந்த இசைத்தட்டில் இல்லாத பாட்டுகளையும் சேர்த்திருக்கிறார்கள். பட்டியல் ஒத்துப்போகவில்லையே என்று பயப்பட வேண்டாம். பாட்டுகளின் நீட்டித்த பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுப் பதிப்புகளுக்கு 1990இல் வந்த 'ட்வெல்வ் இஞ்ச் ஆந்தாலஜி' தொகுப்பு போதும். மேடையில் இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க, 1987இல் டொரோன்டோவில் பதிவான 'எய்ன்ட் இட் டெட் யெட்?' நிகழ்ச்சி வீடியோவைக் கட்டாயம் பாருங்கள்.

2000 ஆகஸ்டில் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ஓகரும் கீயும் மீண்டும் சேர்ந்து மேடையேறினார்கள். அதன் பிறகு வந்த நான்கு ஆல்பங்களில் 'த க்ரேட்டர் ராங் ஆஃப் த ரைட்' (2004), 'வெப்பன்' (2013) இரண்டும் போதும். 'மித்மேக்கர்', 'ஹேண்டோவர்' இரண்டையும் தயங்காமல் விட்டுவிடலாம். வெப்பன் காலத்தில் நடந்த ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குவாண்டனாமோ சிறையில் கைதிகளை வதைக்கத் தங்கள் இசையை ஓடவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அமெரிக்க அரசுக்கு 6,66,000 டாலருக்கு பில் அனுப்பினார்கள். அந்தத் தொகை கிறிஸ்தவ மரபில் சாத்தானின் எண்ணான 666ஐ வைத்துப் போட்டது. வாழ்நாள் முழுக்க வதைபடும் உயிர்களின் பக்கம் நின்று பாடியவர்களின் பாட்டையே வதைக்கும் கருவியாக்கியிருந்தார்கள். அதை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. 2023இல் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்து முடித்துக்கொண்டார்கள்.

கிளைக் குழுக்களில் இப்போதைக்கு ஒன்று போதும்: லெஜண்டரி பிங்க் டாட்ஸின் எட்வர்ட் கா-ஸ்பெல்லோடு கீ சேர்ந்து செய்த 'த டியர் கார்டன்'. மென்மையான பாட்டுகள், சொற்களும் தெளிவாகப் புரியும். கெட்டலை இன்னும் கேட்க வேண்டும் என்று தோன்றினால் கீயும் அவரும் செய்த டவுன்லோட் குழுவின் 'ஃபர்னஸ்' (1995). லாஸ்ட் ரைட்ஸின் அந்தக் கடைசிப் பாட்டின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். டூ டார்க் பார்க் வரை கேட்டு முடித்ததும் ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பாட்டில் உங்களுக்குக் கதவு திறந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

அன்புடன்.