திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மாலை மின்சாரம் வந்தால், மறுநாள் காலை ஏ.சி. ஓடுமா?

கேள்வி: கோவில்பட்டியில் இரண்டு தளங்களில் ஜவுளிக் கடை ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். ஒவ்வொன்றும் எட்டரை டன் கொண்ட மூன்று டக்ட் ஏ.சி.கள் வாங்கியிருக்கிறோம், இன்டோர் யூனிட்டுகள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் அவுட்டோர் யூனிட்டுகள் மொட்டை மாடியிலும் ஏற்றப்பட்டுவிட்டன. வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா. மூன்று பேஸ் மின் இணைப்பு வியாழக்கிழமை மாலைதான் கிடைக்கும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். "அதனால் ஒன்றும் இல்லை, வெள்ளிக்கிழமை காலை வந்து சுவிட்சைப் போட்டுத் தருகிறோம்" என்கிறார் விற்பனையாளர். மீதித் தொகையை அன்றே தர வேண்டுமாம். இதில் நான் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. வீட்டுக்கு வாங்கும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி.யைச் சுவரில் மாட்டி அன்றே ஓட்டிவிடலாம். கடைக்கும் மண்டபத்துக்கும் பொருத்தும் பெரிய இயந்திரத்தை அப்படிச் செய்ய இயலாது. அதை முதன்முறை ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் மூன்று, ஆள்பலத்தாலோ பணத்தாலோ விரைவுபடுத்த முடியாத காத்திருப்புகள். குழாயில் நைட்ரஜன் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்ப்பது முதலாவது. வாக்குவம் இழுத்து, அதாவது குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, அது நிற்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. கம்ப்ரஸரின் அடிப்பாகத்தில் உள்ள எண்ணெயைச் சூடேற்றக் காத்திருப்பது மூன்றாவது. அவசரப்படும் ஒப்பந்தக்காரர் விழுங்கிவிடுவது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான். விழுங்கினாலும் இயந்திரம் அன்று ஓடும், குளிரும் வரும். அதன் விலையை ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து கம்ப்ரஸர் எரியும்போது கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் நைட்ரஜன். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே ஓடும் செம்புக் குழாய்களில் எத்தனை இடங்களில் பிரேசிங் (உலோகத்தை உருக்கி ஒட்டுவது) செய்திருக்கிறார்களோ, அத்தனை இடங்களிலும் கசிவுக்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அவுட்டோர் யூனிட்டின் வால்வுகளைத் திறக்காமலே, நிறுவனத்தின் கையேட்டில் குறித்த அழுத்தத்துக்கு உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, 24 மணி நேரம் விட்டு, மறுநாள் அதே மணியில் கேஜை, அதாவது அழுத்தமானியை, படிக்க வேண்டும். மணியைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் 35 டிகிரியில் 400 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டிய குழாய், விடியற்காலை 27 டிகிரியில் கசிவே இல்லாமல் ஏறத்தாழ 10 பி.எஸ்.ஐ. இறங்கிக் காட்டும். இதை அறியாமல் குழாயையெல்லாம் சோப்பு நுரையால் குளிப்பாட்டுபவரும் உண்டு, உண்மையான கசிவையே "வெயில் இறங்கியதால் குறைந்தது" என்று சொல்லித் தப்பிப்பவரும் உண்டு. நிரப்பிய நேரம், அப்போதைய வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றையும் குழாயிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் சிலிண்டர் கைக்குக் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜனை நிரப்ப ஒருவர் முற்பட்டால், அக்கணமே வேலையை நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

அடுத்தது வாக்குவம். உங்கள் இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் குளிரூட்டும் கேஸின் பெயர் ஆர்-410ஏ என்றோ ஆர்-32 என்றோ எழுதியிருக்கலாம். இவ்வகை கேஸுடன் பயன்படும் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் தன்மை உடையது. குழாய்க்குள் எஞ்சிய ஈரம் எண்ணெயில் கலந்து அமிலமாக மாறி, கம்ப்ரஸருக்குள்ளே இருக்கும் மோட்டார் சுற்றின் காப்புப் பூச்சை மெல்ல அரித்துவிடும். வாக்குவம் பம்ப் காற்றை வெளியேற்றுவதோடு, உள்ளேயிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து அதையும் இழுத்துவிடுகிறது. இதை அளக்கும் அலகு மைக்ரான். வெளிக்காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். பம்ப் இழுத்து 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதே தொழிலில் பரவலாகக் கொள்ளும் அளவு.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மெக்கானிக்குகள் வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் முள் கேஜில் 500 மைக்ரானும் 5,000 மைக்ரானும் ஒன்றுபோலவே தெரியும். முள் கடைசிக் கோட்டில் போய் நின்றுவிடும். எண்ணில் காட்டும் மைக்ரான் கேஜ் ஒன்று தனியே இருந்தால்தான் உண்மை தெரியும். "மைக்ரான் கேஜ் கொண்டுவருவீர்களா?" என்று விற்பனையாளரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள், பதில் வருகிற விதத்திலேயே அந்தக் குழுவின் தரத்தை ஓரளவு எடைபோட்டுவிடலாம். அளவை எட்டியதும் பம்பைத் துண்டித்துவிட்டுக் கேஜைக் கவனிக்க வேண்டும். எண் சற்று ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, மேலும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. இந்நிலையில் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கொடுப்பதோ, மெக்கர் வைத்து அதன் காப்பைச் சோதிப்பதோ கூடாது; வாக்குவத்தில் இருக்கும் மோட்டாருக்குள் மின்பொறி தாவிச் சுற்று பழுதாகக்கூடும்.

அவுட்டோர் யூனிட்டில் ஆலையிலேயே நிரப்பி வரும் கேஸ், குறிப்பிட்ட குழாய் நீளத்துக்கு மட்டுமே போதும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பது கையேட்டில் அட்டவணையாக இருக்கும். உங்கள் தரைத்தளத்து யூனிட்டுக்கு மாடி வரை நீளும் குழாய் அந்த வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும். எனவே தராசு வைத்து எடைபோட்டே கேஸ் ஏற்ற வேண்டும். "கையால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்" என்னும் அனுபவசாலிகளை மரியாதையோடு மறுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் வியாழக்கிழமை மாலைக் கணக்கைக் கெடுப்பது. ஓடாமல் கிடக்கும் கம்ப்ரஸரில், கேஸ் மெல்ல நகர்ந்து அடியிலுள்ள எண்ணெயில் கரைந்து கிடக்கும். அந்த நிலையில் திடீரென ஓட்டினால், அழுத்தம் குறைந்த மாத்திரத்தில் எண்ணெய், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் நுரைத்துக் குழாயோடு வெளியேறிவிடும். பேரிங்குகள் எண்ணெய் இல்லாமல் உராயும். இதைத் தடுக்கத்தான் கம்ப்ரஸரின் அடியில் வளையம்போல் சுற்றியிருக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டர். தனி ஹீட்டர் இல்லாத சில இன்வெர்ட்டர் ரகங்களில் மோட்டார் சுற்றுக்கே சிறு மின்னோட்டம் விட்டு இதே சூட்டைத் தருவார்கள். எதுவாயினும், அவுட்டோர் யூனிட்டுக்கு மின்சாரம் கொடுத்து, ஆனால் இயந்திரத்தை ஓட்டாமல், கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் 6 மணி நேரம் என்கின்றன, பல 12 மணி நேரம் என்கின்றன, 24 மணி நேரம் கேட்பவையும் உண்டு. இடையில் நெடுநேரம் மின்சாரம் போனால் கணக்கை மீண்டும் தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் பேசி, மின் இணைப்பைச் செவ்வாய்க்கிழமைக்குள் பெற்றுவிட முயலுங்கள். நைட்ரஜன் சோதனைக்கும் வாக்குவத்துக்கும் மூன்று பேஸ் தேவையில்லை என்பதால் அவற்றை இப்போதே முடித்துவிடலாம். புதன் முழுவதும் ஹீட்டர் சூடேற, வியாழன் நண்பகல் வெயிலில் முதல் ஓட்டத்தை நடத்தினால், பிழை தெரிந்தால் திருத்த அரை நாளாவது கையில் இருக்கும். எவ்வளவு முயன்றும் வியாழன் மாலைதான் இணைப்பு வரும் என்றால், அன்றிரவே ஹீட்டருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, கையேட்டு நேரம் முடியும் முன் கம்ப்ரஸரை ஓட்டாதீர்கள். திறப்பு விழாவை வாடகைக் காற்றாடிகளோடு நடத்தினாலும் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

மின்சாரத்தைக் கொடுத்ததும் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியவை சில. ஆர், ஒய், பி ஆகிய மூன்று பேஸ்களுக்கும் இடையிலுள்ள வோல்ட்டேஜை அளந்து எழுதச் சொல்லுங்கள். 410, 418, 399 என்று வந்தால் சராசரி 409. அதிலிருந்து மிகவும் விலகிய 399-க்கு வித்தியாசம் 10. அதாவது சுமார் 2.4 சதவீத ஏற்றத்தாழ்வு. 2 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டாமல், காரணத்தைத் தேட வேண்டும். வோல்ட்டேஜில் காணும் சிறு ஏற்றத்தாழ்வு மோட்டாரின் மின்னோட்டத்தில் பல மடங்காகப் பெருகிச் சூட்டைக் கிளப்பும். கடையின் விளக்குகளை எல்லாம் ஒரே பேஸில் ஏற்றிவைத்திருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். எர்த் இணைப்பு, தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும்.

இனி, பேஸ்களின் வரிசை. ஸ்க்ரோல் வகைக் கம்ப்ரஸர் ஒரு திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். வரிசை மாறினால் எதிர்த் திசையில் சுற்றி, கரகரவென்று பெருஞ்சத்தம் எழுப்பும். அழுத்தம் மிகுந்த பக்கம், குறைந்த பக்கம் ஆகிய இரு பக்க கேஜ் முட்களும் விலகாமல் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். உடனே நிறுத்தி, உள்ளே வரும் மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட வேண்டும். ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, பேஸ் வரிசை மீட்டரை வைத்து முன்கூட்டியே பார்ப்பது நல்லது. கம்ப்ரஸர் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இன்டோர் ப்ளோயர் காட்டிக்கொடுக்காது. அது எதிர்த் திசையில் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு கோடைகள் "கேஸ் குறைவு" என்று கேஸை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது ப்ளோயர் உறையின் மேல் அச்சிட்டிருந்த அம்புக்குறிக்கு எதிராகச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்ற கணக்கில் உங்கள் ஒவ்வொரு யூனிட்டும் 3,400 சி.எஃப்.எம். அளவுக்குக் காற்றுத் தர வேண்டும். அதை அளந்து காட்டச் சொல்லலாம்.

ஃபால்ஸ் சீலிங்கில் தேய்ப்பு வேலையும் பெயின்ட் வேலையும் நடக்கும்போது, சீக்கிரம் காயட்டும் என்று ஏ.சி.யை ஓட்டச் சொல்லி இன்டீரியர்காரர் கேட்பார். மறுத்துவிடுங்கள். அந்த வெள்ளைத் தூள் இன்டோர் யூனிட்டின் ஈரமான காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில்) படிந்தால் சாந்துபோல் இறுகிவிடும். சீலிங்கை மூடும் முன்பே டிரெயின் தட்டில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது முழுவதும் வெளிக்குழாய் வழியே வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பட்டுப்புடவை அடுக்கின் மேல் தண்ணீர் சொட்டிய பிறகு பார்ப்பதைவிட இது மலிவு. கம்ப்ரஸரை லாரிப் பயணத்துக்காக இறுக்கிவைத்த போல்ட்டுகளோ கட்டைகளோ உங்கள் மாடலில் இருந்தால் அவற்றைத் தளர்த்தினார்களா, அகற்றினார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: திறப்பு விழாவன்று மின்வெட்டு வந்தால் சமாளிக்க ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதில் ஏ.சி.யை ஓட்டலாமா?

பதில்: ஜெனரேட்டரின் திறன் போதுமானதாக இருந்தால் ஓட்டலாம். ஆனால் மின்வாரிய இணைப்பில் பார்த்த பேஸ் வரிசையை ஜெனரேட்டரிலும் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வரிசை மாறியிருந்தால், சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் தள்ளிய மறுகணம் மூன்று கம்ப்ரஸர்களும் பின்னோக்கிச் சுற்றும். பேனலில் பேஸ் வரிசையைக் கண்காணிக்கும் ரிலே ஒன்றைப் போட்டுவிட்டால் அது தானே தடுத்துவிடும். மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி நேர இடைவெளியும் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிறகு பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் அல்லவா?

பதில்: அதை நம்பி இருக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்னும் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தையல் கடையில் தனியாக உட்கார்ந்து தைப்பவர் அதில் அடங்கலாம். விற்பனையாளர்களை வேலைக்கு வைத்து இரண்டு தளங்களில் நடத்தும் ஜவுளிக் கடை அடங்குமா என்பது வாதத்துக்குரியது. எனவே உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு, பர்சேஸ் ஆர்டரில் நீங்கள் எழுதிவைக்கும் நிபந்தனைகளும் முதல் ஓட்டத்தின் அறிக்கையுமே.

அந்த அறிக்கையில் ஒவ்வொரு யூனிட்டின் சீரியல் எண், நைட்ரஜன் சோதனையின் இரு அளவுகள், எட்டிய மைக்ரான், கூடுதலாக ஏற்றிய கேஸின் எடை, மூன்று பேஸ்களின் வோல்ட்டேஜும் மின்னோட்டமும், இரு பக்க அழுத்தம், திரும்பும் காற்றுக்கும் வெளிவரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம், அப்போதைய வெளி வெப்பநிலை ஆகியவை இருக்க வேண்டும். அந்த வித்தியாசம் பொதுவாக 8 முதல் 11 டிகிரி வரை இருக்கும். மின்னோட்டத்தைப் பெயர்த்தகட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் ஓட்டத்தைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற பொறியாளரே நடத்த வேண்டும் என்று உத்தரவாதத்தில் நிபந்தனை வைக்கும் நிறுவனங்கள் உண்டு என்பதால், வருபவர் அப்படிப்பட்டவரா என்பதையும், உத்தரவாதம் பில் தேதியிலிருந்து தொடங்குகிறதா, முதல் ஓட்டத்தின் தேதியிலிருந்தா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மீதித் தொகையை வெள்ளிக்கிழமையே கொடுக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கையாவது நிறுத்திவைத்து, கையொப்பமிட்ட அறிக்கை வந்து, கடையில் கூட்டம் நிரம்பிய ஒரு மாதம் இயந்திரம் குறையின்றி ஓடிய பிறகு தருவதாக ஆர்டரிலேயே சேர்த்துக்கொள்ளக் கேளுங்கள். ஆர்டர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றாலும், விற்பனையாளர் இப்போது கேட்பது மீதித் தொகை. பேசுவதற்கு உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது.