ப்ளைட் விடுற வெள்ளைக் கோடு: உங்க கேள்விகளும் என் பதில்களும்

சார், நேத்து வானத்துல ரெண்டு கோடு பாத்தேன், போட்டோ அனுப்பியிருக்கேன். அகலம் எவ்ளோ இருக்கும்?

எந்த ஊரு, எத்தன மணி, எந்தத் திசை? ஒண்ணுமே எழுதல. நேரம், இடம், திசை இந்த மூணும் இல்லாத போட்டோ கல்யாண ஆல்பத்துக்குத்தான் ஆகும், எத்தன வாட்டி சொல்றது? கைய நேரா நீட்டி சுண்டு விரலக் காட்டுங்க, அந்த அகலம் சுமாரா ஒரு டிகிரி. தலைக்கு நேர் மேல 10 கி.மீ. உயரத்துல அது 170 மீட்டர் மாதிரி வரும். கோடு சாய்வா தூரத்துல இருந்தா இந்தக் கணக்கு செல்லாது.

மதுரைக்கு மேல ஒரே நேரத்துல ரெண்டு ப்ளைட், ஒண்ணு மட்டும்தான் கோடு விட்டுச்சு. எரிபொருள் வேறயா?

பெரும்பாலும் உயரம்தான் வேற. நம்ம பக்கம் 35,000 அடியில மைனஸ் 40 டிகிரி போலத்தான் இருக்கும், கோடு விழுமா விழாதாங்கற எல்லையே கிட்டத்தட்ட அங்கதான். 39,000 அடியில போறவன் சுலபமா தாண்டிடுவான். ஐரோப்பாவுல 35,000 அடியிலயே மைனஸ் 55 கிட்ட வந்துடும்.

மருந்து தெளிக்கறாங்கன்னு சொல்றாங்களே?

இல்ல. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிஞ்சா ஒண்ணே கால் கிலோ தண்ணி ஆவியா வரும், அது உறைஞ்சு ஐஸ் ஆகுது. அடுத்த கேள்வி.

நம்ம வானிலை சாட்டிலைட் இன்சாட்டோட படத்துல ஏன் இதெல்லாம் தெரிய மாட்டேங்குது?

இன்சாட்-3டிஆரோட தெர்மல் பேண்ட்ல, அதாவது வெப்பக் கதிர வெச்சு எடுக்கற படத்துல, ஒரு பிக்சல் 4 கி.மீ., படம் அரை மணிக்கு ஒண்ணு. புதுக்கோடு அதுல எங்க தெரியும்? அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட் கோஸ்-19ல 2 கி.மீ., பத்து நிமிஷத்துக்கு ஒரு படம், அதுலயும் கோடு நல்லா விரிஞ்சதுக்கப்புறம்தான் மாட்டும். வெப்பக் கதிர்லயே 11 மைக்ரான், 12 மைக்ரான்னு ரெண்டு அலைநீளத்துல எடுத்த படத்த ஒண்ணுலேர்ந்து ஒண்ணு கழிச்சுப் பாத்தா மெல்லிசான ஐஸ் மேகம் பளிச்சுனு தெரியும். ஆனா அதுக்குள்ள காத்து கோட்டத் தள்ளிட்டுப் போயிருக்கும், எந்த ப்ளைட் விட்டதுன்னு கண்டுபிடிக்க காத்து கணக்கும் போடணும்.

கோடு பூமிய சூடாக்குதுங்கறாங்க, கலையாம நிக்கற கோடு எங்க வரும்னு முன்னாடியே பாத்து ப்ளைட்ட கொஞ்சம் ஏத்தி இறக்கினா முடிஞ்சுதே?

வாங்க, இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். 2023ல கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் 70 ப்ளைட்ல செஞ்சு பாத்து, கோடு பாதிக்கு மேல குறைஞ்சுதுன்னு சாட்டிலைட்ட வெச்சே காட்டினாங்க, ஒதுங்கிப் போன ப்ளைட்டுக்கு எரிபொருள் 2 சதவீதம் கூட ஆச்சு. சரி, நல்லது. ஆனா கோடு மணிக்கணக்கா நிக்கணும்னா அங்க ஐஸைப் பொறுத்த ஈரப்பதம் (ஐஸ் ஆவியாகாம இருக்கத் தேவையான ஈரத்துல எத்தன சதவீதம் இருக்குங்கறது) 100 சதவீதத்தத் தாண்டணும், அந்த அடுக்கு பக்கவாட்டுல நூத்துக்கணக்கான கி.மீ. பரந்திருக்கும், தடிமன் பாத்தா பல சமயம் சில நூறு மீட்டர்தான். அதத் தப்பாச் சொன்னா ப்ளைட்ட ஈரத்துலேர்ந்து இன்னொரு ஈரத்துக்கே அனுப்புவீங்க. அந்த ஈரத்த யாரு அளக்கறாங்க? வானிலை பலூன் பெரும்பாலான இடத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் போகுது, அதுல இருக்கற சென்சார் மைனஸ் 50ல மந்தமாகி உள்ளத விட வறட்சியாக் காட்டும். வானிலை கணிக்கற கம்ப்யூட்டர் மாடல்களும் அந்த உயரத்துல அப்படித்தான் ஏமாத்தும். எல்லா ப்ளைட்டும் வெப்பநிலைய அளக்குது, ஈரத்த அளக்கறது விரல் விட்டு எண்ற அளவுதான். ஐரோப்பாவோட ஐயாகோஸ்ங்கற ஆராய்ச்சித் திட்டத்துல சில பயணிகள் விமானத்துல கருவி மாட்டியிருக்காங்க, அதோட முன்னோடி 1994லயே தொடங்கினது, இன்னும் அந்தக் கைப்பிடி அளவுதான். கோட்டப் படம் புடிக்க ஊரே இருக்கு, ஈரத்துக்குக் காசு கேட்டா ஆளக் காணோம்.

பூமிய சூடாக்கறதுல கார்பன் டை ஆக்ஸைட விட இந்தக் கோடுதான் பெரிசுனு படிச்சேன், நிஜமா?

2018 நிலவரத்துக்குப் போட்ட கணக்குல கோடு விரிஞ்சு ஆகற மேகம் சூடாக்கறது சதுர மீட்டருக்கு 60 மில்லிவாட் பக்கம், விமானங்களோட கார்பன் 35 பக்கம். ஆனா அந்த 60ங்கறது 20லேர்ந்து 100 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், காரணம் மேலயே சொல்லிட்டேன், ஈரம். ராத்திரிக் கோடு சூடு மட்டும்தான் பண்ணும், பகல்ல கொஞ்சம் வெயிலத் திருப்பியும் அனுப்பும். அதனாலதான் நேரம் எழுதுங்கன்னு கத்தறேன். கோடு நாள் முடியறதுக்குள்ள கலைஞ்சுடும், கார்பன் நூத்தாண்டுக்கணக்கா இருக்கும், ரெண்டையும் ஒரே தராசுல வெக்காதீங்க.

2001 செப்டம்பர்ல அமெரிக்காவுல ப்ளைட்ட நிறுத்தினப்போ, கோடு இல்லாததால வெப்பநிலை மாறுச்சாமே?

பகல்-ராத்திரி வித்தியாசம் ஒரு டிகிரி போல கூடிச்சுன்னு 2002ல எழுதினாங்க. மூணே நாள் டேட்டா. அந்த நாள்ல வானம் இயல்பாவே தெளிவா இருந்துதுன்னு அப்புறம் வந்தவங்க காட்டிட்டாங்க. பேச்சுப் போட்டிக்கு வேணா வெச்சுக்கோங்க.