தாமிரபரணி மணலில் நூற்புழு ஆய்வு: வாசகர் கேள்வி–பதில்

நன்னீரில் எந்த உயிரையும் ஒட்டாமல் தன்போக்கில் வாழும் நூற்புழுக்களை (நெமடோடுகள்) பற்றி மாணவர்களும் ஒரு விவசாயியும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். தாமிரபரணி நூற்புழுக்களை ஆய்வுக்கு எடுக்க ஆசை. ஆறு மாதத்தில் முடியாது என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். முடியுமா?
— மாணவி, பாளையங்கோட்டை

முடியும். ஆனால் பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை உள்ள நூற்புழுக்கள் எல்லாம் என்று தலைப்பு வைத்தால் முடியாது. உள்நாட்டு நீர்நிலைகளில் வாழ்பவையாக 2008 வாக்கில் கணக்கிடப்பட்டவை மட்டுமே ஏறத்தாழ 1,800 இனங்கள். பட்டியல் போடும் வேலைக்கு ஒரு ஆயுள் வேண்டும். அதற்குப் பதில் ஒரே ஒரு கேள்வி எடுங்கள்: ஊர்க்கழிவு கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் புழுக்கூட்டம் எப்படி மாறுகிறது?

சேரன்மகாதேவி, குறுக்குத்துறை, வண்ணார்பேட்டைக்குக் கீழே என்று மூன்று இடம் போதும். இடத்துக்கு ஐந்து மாதிரி, இரண்டு முறை, மொத்தம் 30. ஒவ்வொன்றிலும் 50 புழுக்களைப் பேர் சொல்லும் அளவுக்குப் பார்த்தால் 1,500 புழு. ஆறு மாதத்துக்கு அது கனமான வேலைதான், ஆனால் முடிகிற வேலை. ஒரு மாதிரியோடு நிறுத்திக்கொண்டு "இங்கே அதிகம், அங்கே குறைவு" என்று எழுதாதீர்கள். ஒரே மணல்திட்டில் ஒரு முழம் தள்ளி எடுத்தாலே எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்கு மாறலாம். அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டத்தான் ஐந்து மாதிரி.

மாதிரி எப்போது, எதை வைத்து எடுப்பது? வனத்துறை அனுமதி வேண்டுமா?
— மாணவர், அம்பாசமுத்திரம்

வடகிழக்குப் பருவமழை அடங்கி ஆறு தெளிந்த பிறகு, பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் எடுங்கள். கார் சாகுபடிக்கு அணை திறந்தவுடன் போகாதீர்கள். வேகத்தண்ணீர் மேல்மணலை அரித்துப் புழுக்களையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். பிறகு கிடைப்பது கழிவின் விளைவா, வெள்ளத்தின் விளைவா என்று பிரிக்க முடியாது.

கருவிக்குப் பெரிய ஊசிக்குழாயின் முனையை ரம்பத்தால் அறுத்து எடுத்தால் போதும். உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. முழங்கால் ஆழத் தண்ணீரில், ஆள் மிதிக்காத மணலில், 5 செ.மீ. ஆழம் நேராக இறக்கி, அடியில் விரல் கொடுத்துத் தூக்குங்கள். புழுக்களில் பெரும்பகுதி அந்த மேல் 5 செ.மீட்டரில்தான் இருக்கும். ஒரு குழாயில் 94 புழு என்றால் 94 × 10 ÷ 3.14, அதாவது 10 சதுர செ.மீட்டருக்கு 299. விட்டத்தைக் குறிக்காமல் விட்டவர்களின் எண்களை வேறு எந்த ஆற்றோடும் ஒப்பிட முடியாது.

மணலை மணலோடும் சேற்றைச் சேற்றோடும் மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு குழாய் எடுத்து, 105 டிகிரியில் உலர்த்தி எடை போட்டு, 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் கரிமப் பொருள். இந்த எண் இல்லாமல் புழு எண்ணிக்கைக்கு விளக்கம் எழுத வழியே இல்லை.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஒரு பிடி மணல் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம். முதல் ஆய்வுக்குக் காப்பகத்துக்கு வெளியே நில்லுங்கள்.

லூடாக்ஸ் போட்டுச் சுற்றியும் மேலே புழு வரவில்லை. அடியில் மணலோடு கிடக்கிறது. எங்கே தவறு?
— ஆய்வு மாணவர், ஆழ்வார்குறிச்சி

பெரும்பாலும் அடர்த்தியில். லூடாக்ஸ் என்பது நுண்ணிய சிலிக்காத் துகள் கலந்த கனமான திரவம்; அதில் மணல் அடியில் போகும், புழு மேலே மிதக்கும். நன்னீர்ப் புழுவுக்குத் தேவை மி.லி.க்கு 1.14 கிராம் அடர்த்தி. கடையில் வரும் லூடாக்ஸ் டி.எம்.-50 ஏறத்தாழ 1.40. 350 மி.லி.க்கு 650 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 1.14 கிடைக்கும். ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பாட்டிலை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி அளவு மாறும்.

அடுத்த இடம் சுழல் வேகம். செய்முறையில் 800 ஜி (புவியீர்ப்பைப்போல் 800 மடங்கு விசை), 10 நிமிடம் என்று இருக்கும். அதை 800 சுற்று என்று படித்துவிட்டால் புழு பிரியாது. ரோட்டாரின் (குழாய்களைச் சுழற்றும் பகுதியின்) ஆரம் 15 செ.மீ. என்றால் 800 ஜி வருவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,200 சுற்று வேண்டும். உங்கள் ரோட்டாரை அளந்து கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தவும் கூடாது. மேல்நீரை 40 மைக்ரான் சல்லடையில் வடித்து, புது லூடாக்ஸ் ஊற்றி மூன்று முறை செய்யுங்கள். மாதிரியில் ஃபார்மலினோ உப்போ மிச்சம் இருந்தால் லூடாக்ஸ் கூழாக உறைந்துவிடும். ஆகவே முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

லூடாக்ஸ் வாங்க வழியில்லாத கல்லூரிக்குச் சர்க்கரை உண்டு. 484 கிராம் சீனியைக் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கினால் அடர்த்தி 1.18. ஆனால் சீனிப்பாகில் சில நிமிடத்துக்கு மேல் புழு இருந்தால் உடல்நீர் வெளியேறிச் சுருங்கும். வடித்த கையோடு அலசிவிட வேண்டும். லூடாக்ஸே மேல்.

ஸ்லைடு போட்டால் புழுக்கள் வற்றல் மாதிரிச் சுருங்கிவிடுகின்றன. பாதி சுருண்டு கிடக்கின்றன.
— மாணவி, தென்காசி

இரண்டும் தனித்தனிக் கோளாறு. சுருளுவது குளிர்ந்த ஃபார்மலினால். புழுவை உயிரோடு கொஞ்சம் நீரில் வைத்து, 60–65 டிகிரிக்குச் சூடாக்கிய 8 சதவீத ஃபார்மால்டிஹைடைச் சம அளவு ஊற்றுங்கள். சட்டென்று இறந்து நேராகவோ லேசான வளைவாகவோ நிற்கும். ஊற்றிய பின் அளவு 4 சதவீதம். பாட்டில் ஃபார்மலினே 37–40 சதவீதம்தான் என்பதை மறக்க வேண்டாம். 4 மி.லி.யை 96 மி.லி. நீரில் விட்டால் கிடைப்பது ஒன்றரை சதவீதம். புழு உள்ளுக்குள் அழுகும். சூடான ஃபார்மலின் ஆவி கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். புகைக்கூண்டுக்குள் கையுறையோடு மட்டும் செய்யுங்கள். மரபணுப் பரிசோதனை செய்யும் எண்ணம் இருந்தால் சில மாதிரிகளை டி.எம்.எஸ்.ஓ., இ.டி.டி.ஏ., உப்பு சேர்ந்த டெஸ் கரைசலில் தனியே வையுங்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்.

சுருங்குவது அவசரத்தால். கிளிசரின் உள்ளே போகும் வேகத்தைவிட நீர் வெளியேறும் வேகம் கூடினால் தோல் மடியும். முதல் கரைசல்: 4 சதவீத ஃபார்மால்டிஹைடு 99 பங்கு, கிளிசரின் 1 பங்கு. இதைச் சிறு தட்டில் ஊற்றிப் புழுவைப் போட்டு, அடியில் ஆல்கஹால் ஊற்றிய மூடிய ஜாடிக்குள், 35–40 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள், ஆல்கஹால் 95 பங்கும் கிளிசரின் 5 பங்கும் கலந்ததை இரண்டு மணிக்கு ஒரு தரம் சில சொட்டு விடுங்கள். தட்டை முழுக்கத் திறக்காமல் ஓரத்தில் மட்டும் சந்து விடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி கலவை, கடைசியில் தூய கிளிசரின். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இன்குபேட்டர் தேவைப்படாது. மூடாத தட்டில் ஆல்கஹால் அரை மணியில் பறந்துவிடுகிறது, வற்றல் ஆவது அங்கேதான். கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் முடிந்த தட்டைச் சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டரில் வையுங்கள்.

ஸ்லைடில் மெழுகு வளையத்தின் நடுவே சிறு சொட்டுக் கிளிசரின் வைத்து, புழுவை அடிவரை அமுக்கிவிடுங்கள். புழுவின் பருமனுள்ள மூன்று கண்ணாடி இழைத்துண்டுகளைப் பக்கத்தில் வைத்தால் கவர்ஸ்லிப் புழுவை நசுக்காது. நசுங்கிய புழுவின் அகலத்தை அளந்தால் டி மான் விகிதங்கள் (உடல் நீளத்தை அகலம் முதலியவற்றால் வகுத்து, இனம் பிரிக்க உதவும் எண்கள்) பொய்யாகும்.

எல்லாம் குஞ்சுகளாக இருக்கின்றன. இனப்பெயர் தெரியாமல் ஆய்வு செல்லுமா?
— மாணவர், சங்கரன்கோவில்

செல்லும். சூழலியலுக்குப் பேரினம் வரை போதும். வாயைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எண்ணெய் லென்ஸில், 1,000 மடங்கில், தலையை மட்டும் பாருங்கள். மோனோங்கஸுக்குப் பீப்பாய் வாய், முதுகுப்புறம் ஒரு தடித்த பல். மற்றப் புழுக்களைப் பிடித்து விழுங்கும். டோரிலைமஸுக்குத் துளையுள்ள ஈட்டி; குத்தி உறிஞ்சும். மோனிஸ்டெராவுக்குச் சிறிய வாய், பாக்டீரியாவை விழுங்கும். டோரிலைம் குஞ்சுகளில் இப்போதைய ஈட்டிக்குப் பின்னால், தொண்டைச் சுவரில் அடுத்த ஈட்டி தயாராகக் கிடக்கும். அது தெரிந்தால் குஞ்சு என்று உறுதி.

1990இல் நூற்புழு ஆய்வாளர் போங்கர்ஸ் வகுத்த முதிர்ச்சிக் குறியீடு குடும்ப அளவிலேயே வேலை செய்யும். வேகமாகப் பெருகும் கூட்டத்துக்கு 1, மெதுவாக வளர்ந்து மாசு தாங்காததற்கு 5. நூறு புழுவில் ராப்டிடிட் 40 (மதிப்பு 1), மோனிஸ்டெரிட் 30 (2), டோப்ரிலிட் 20 (3), டோரிலைமிட் 10 (4) என்றால் 0.4 + 0.6 + 0.6 + 0.4 = 2.0. பயிர் ஒட்டுண்ணிகளையும், உணவில்லாக் காலத்தில் உறங்கும் டாவர் குஞ்சுகளையும் இதில் சேர்க்காதீர்கள். இது மண்ணுக்காக எழுந்த குறியீடு. வெள்ளம் புரட்டிய மணலில், மாசே இல்லாமலும் எண் குறையும். கரிமப் பொருள், கரைந்த ஆக்சிஜன் இரண்டையும் பக்கத்தில் வைக்காமல் "மாசு" என்று எழுதிவிடக் கூடாது.

ஆற்றுத் தண்ணீரில் புழு இருக்கிறது என்கிறீர்களே, குளிக்கிறவனுக்கும் நெல்லுக்கும் கெடுதல் இல்லையா?
— விவசாயி, கல்லிடைக்குறிச்சி

அண்ணாச்சி, இந்தப் புழுக்கள் மனித உடம்பில் வாழாது. பாக்டீரியா, பாசி, ஒன்றையொன்று தின்று மணலிலேயே இருக்கும். குடிநீர் வழியாக வந்த நரம்புச் சிலந்தி வேறு வகை. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000இல் அறிவிக்கப்பட்டது. நெல் வேரைத் துளைக்கும் ஹிர்ஷ்மானியெல்லா என்னும் நூற்புழு வயலில் உண்டு. வடிகால் வழியே ஆற்று மாதிரியிலும் ஒன்றிரண்டு வரும். அதன் குற்றத்தை ஆற்றுப் புழுக்கள் மேல் போட வேண்டாம்.

கூந்தன்குளம் கோடையில் வெடித்துக் காயும்போது நூற்புழு என்ன ஆகும்? பார்க்க வழி உண்டா?
— பள்ளி ஆசிரியர், நாங்குநேரி

சில வகைகள், முக்கியமாக பிளெக்டஸ் கூட்டம், உடல்நீரை இழந்து உறங்கிக்கிடக்கும். சில முட்டையாகத் தாங்கும். பல செத்துப்போகும். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் என்பதால் அங்கே அனுமதியில்லாமல் மண் எடுக்கக் கூடாது. உங்கள் ஊர்க் குளத்தில், ஊராட்சியிடம் சொல்லிவிட்டு, வெடிப்பின் ஓரத்து மண்ணை 5 செ.மீ. ஆழத்தில் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். 10 கிராம் மண்ணை, குளோரின் இல்லாத கிணற்று நீர் 50 மி.லி.யில் ஊறவைத்து, 6, 12, 24 மணி நேரத்திலும் மூன்றாம் நாளிலும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முதல் நாளிலேயே முட்டை சுமந்த பெரிய புழு நெளிந்தால் அது உறங்கி எழுந்தது. மூன்றாம் நாள் பொடிக்குஞ்சுகள் மட்டும் தோன்றினால் அவை முட்டையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். மண் எடுத்த நாளையும் கடைசியாக நீர் வற்றிய நாளையும் உறைமேல் எழுத மறக்காதீர்கள்.