பதில்: ரெண்டு வயசு பையன், எடையே ஏறல
சிஸ், பையன் எடை பத்தலனு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க, டின் பால, அதான் சீனி போட்ட கெட்டிப் பால, தண்ணில கலக்கி மூணு போத்தல் குடிக்கிறான்னு போட்டிருந்தீங்க. மொதல்ல அந்த டின் பால நிறுத்துங்க, அதுல பாதிக்குப் பக்கம் சீனி, வயிறு ரொம்பிட்டா சோறு எங்க எறங்கும். என் மகளுக்கும் இதே கததான், நெத்திலிய உப்புப் போக அலசி வறுத்துப் பொடியாக்கி வச்சுக்குவேன், கஞ்சில ஒரு கரண்டி, கூட முட்டை, கொஞ்சம் எண்ணெய், அவ்ளோதான். காசு இறுக்கம்னா வெக்கப்படாம கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் மலேசிய அரசாங்க கிளினிக்ல, உணவுக் கூடைத் திட்டம் பத்தி கேளுங்க, 1989லேர்ந்து இருக்கு, எடை கொறஞ்ச ஏழைப் பிள்ளைங்களுக்குத்தான். உங்க வளர்ப்பக் கொற சொல்லாதீங்க, 2018ல யூனிசெஃப் அறிக்கையில கோலாலம்பூர் மலிவு விலை பிளாட்டுங்கள்ல அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்கள்ல 22 சதம் பேருக்கு வயசுக்கேத்த உயரமே இல்லனு போட்டிருந்தாங்க. போறப்ப எடை எழுதுற புக்கும் சம்பள சிலிப்பும் எடுத்துட்டுப் போங்க லா.