போர்க்காலத்தில் பணியாற்றிய தாதியரில் உங்களால் மறக்க முடியாதவர் யார், ஏன்?

விவியன் புல்விங்கல். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அவுஸ்திரேலிய இராணுவத் தாதி.

யாழ்ப்பாணத்தில் தாதியாக வேலை செய்யும் நான் ஏன் இவரைச் சொல்கிறேன் என்று சிலர் யோசிக்கலாம். இவர் பணியாற்றியது மலாயாவில், அதாவது இன்றைய மலேசியாவில். எங்கள் பக்கம், அங்கே வேலை செய்து ஓய்வுபெற்று மலாயன் பென்சன் வாங்கிய குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஜப்பான்காரன் காலத்துக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அந்தக் கதைகளின் பின்னால் போய் வாசித்தபோது கிடைத்தவர் இவர்.

1915 இல் தென் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். 1941 இல் இராணுவத் தாதியர் சேவையில் சேர்ந்து மலாயாவுக்கு வந்தார். ஜப்பானியப் படை கீழே இறங்கி வர, ஆஸ்பத்திரியும் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. சிங்கப்பூர் விழுவதற்குச் சற்று முன், 1942 பெப்ரவரி 12 அன்று, 65 அவுஸ்திரேலியத் தாதியரை ‘வைனர் புரூக்’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு நாளில் விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. 12 தாதியர் கடலோடு போய்விட்டார்கள்.

விவியனோடு சேர்த்து 22 தாதியர் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் உள்ள பங்கா தீவின் கரையில் ஒதுங்கினார்கள். கூடவே பெண்கள், பிள்ளைகள், காயப்பட்ட ஆண்கள். சரணடைவதைத் தவிர வழியில்லை என்று முடிவாகி, ஒருவர் ஜப்பானியரைத் தேடிப் போனார். பெண்களும் பிள்ளைகளும் நகரத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். தாதியரும் அவர்களோடு போயிருக்கலாம். போகவில்லை. நடக்க முடியாத காயக்காரரை விட்டுவிட்டு எப்படிப் போவது? மேட்ரன் (தலைமைத் தாதி) ஐரீன் டிரம்மண்ட் தலைமையில் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

பெப்ரவரி 16 அன்று சிப்பாய்கள் வந்தார்கள். ஆண்களை அப்பால் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிறகு தாதியரைக் கடலுக்குள் இறங்கி நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து இயந்திரத் துவக்கால் சுட்டார்கள். 22 பேரில் தப்பியது விவியன் மட்டும். இடுப்புப் பக்கமாகச் சன்னம் துளைத்துப் போயிருந்தது. செத்தவர் போலத் தண்ணீரில் மிதந்து, பிறகு காட்டுக்குள் போனார்.

பெரும்பாலானோர் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. காட்டில் கிங்ஸ்லி என்ற ஆங்கிலேயச் சிப்பாய் படுகாயத்தோடு கிடந்தார். தன் காயத்தோடு 12 நாள் அவரைப் பராமரித்தார் விவியன். கிராமத்துப் பெண்கள் ஒளித்துக் கொடுத்த சாப்பாட்டில் இருவரும் உயிர் பிடித்தார்கள். மருந்து இல்லை, கட்டுத்துணி இல்லை. நோயாளி இருக்கிறார், அவ்வளவுதான். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது புரியும். அப்புறம் இருவரும் சரணடைந்தார்கள். கிங்ஸ்லி கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

ஜப்பானியரின் கைதி முகாமுக்குள் போகும்போது சீருடையில் இருந்த சன்னத் துளையைத் தண்ணீர்ப் போத்தலால் மறைத்துக்கொண்டாராம். சாட்சி உயிரோடு இருப்பது தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். மற்றத் தாதியரும் மூன்றரை வருடம் அந்த விஷயத்தை வெளியே விடவில்லை. முகாமில் இன்னும் 8 பேர் இறந்தார்கள். 65 பேரில் ஊர் திரும்பியவர்கள் 24 பேர். 1946 இல் விவியன் தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மெல்பேர்ணில் நீண்டகாலம் மேட்ரனாக இருந்து, 2000 ஆம் ஆண்டில் காலமானார். 2023 இல் கன்பராவின் போர் நினைவகத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் பெரியாஸ்பத்திரிதான், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைதான், நினைவுக்கு வந்தது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். சண்டை கிட்ட வந்துவிட்டது தெரிந்தும் நோயாளிகளை விட்டுப் போகாமல் இருந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். உள்ளே நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அஞ்சலி நடக்கிறது. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், மருந்தும் தட்டுப்பாடாக, லாம்பு வெளிச்சத்தில் காயம் கட்டிய மிஸ்ஸிமார் (தாதியரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பலர் இன்றும் எங்கள் ஊர்களில் ஓய்வூதியத்தோடு இருக்கிறார்கள்.

விவியனின் கதை நமக்குத் தெரிவது அவர் வாய் திறந்து சொன்னதாலும், யாரோ எழுதிவைத்ததாலும்தான். உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ அப்படி ஒரு மிஸ்ஸி இருந்தால், அவருக்கு விருப்பமென்றால், கேட்டு எழுதிவையுங்கள். தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும். எந்த வருடம், ஆஸ்பத்திரியில் எந்த வார்ட், கூட யார் வேலை செய்தார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.